ஒன்பது புள்ளி ஆறு

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மென்று தின்ன வேண்டுமாம், விழுங்கக் கூடாதாம். ரோஸ் கலரில் இருக்கிறது. வாயில் போட்டால் சாக்பீஸைக் கடித்த மாதிரி பல்லெல்லாம் மாவு. வயிற்றில் அமிலம் கூடிவிட்டது, நேரத்துக்குச் சாப்பிடுங்கள், இதைப் போட்டால் அமர்ந்துவிடும் என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அமிலம் கூடினால் காரத்தைப் போட்டு அமர்த்த வேண்டும் என்று ஒரு காலத்தில் அருப்புக்கோட்டை வட்டாரத்துக்கே பாடம் எடுத்தவள் நான். இப்போது அந்தப் பாடம் மூன்று வேளையும் என் வயிற்றுக்குள்ளேயே நடக்கிறது.

இந்தச் சுண்ணாம்பு ருசி நாக்கில் பட்டால் எனக்கு உடனே ஆலாத்தித் தட்டு ஞாபகம் வரும். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டதும் சிவந்து போகுமே, அது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்த அன்றைக்கு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே மல்லாங்கிணற்றில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பெண் மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்கள். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது வேறொன்றுமில்லை, வேதிவினை என்று அம்மாவிடம் ஆரம்பித்தேன். "நீ படிச்சுக் கிழிச்சது போதும், தட்ட ஒழுங்காச் சுத்து" என்றாள் அம்மா. அதே தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும் என்பதைச் சொல்லவே எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அந்த ஆர்வத்திலேயே வேதியியலில் பட்டம் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அதை வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் என்ன செய்வது என்ற யோசனை வந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு உரக்கடை அண்ணாச்சி மாடியில் மண் பரிசோதனை செய்வதற்கு ஆள் தேடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். போய் நின்றேன். "மண்ண நாம பாத்துச் சொல்லிட்டோம்னு வையி, ஒரம் நம்மகிட்டத்தான் வாங்குவாக" என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. மறுநாளே சேர்ந்துவிட்டேன்.

மாடி என்றால் தகரக் கொட்டகை. கீழேயிருந்து யூரியா மூட்டையின் நெடியும் பூச்சிமருந்தின் நெடியும் ஏறி வரும். ஒரு மேசை, ஒரு தராசு, இரண்டு சல்லடை, புட்டிகள், பிறகு என் ராஜாங்கமான அந்த மீட்டர். நுனியில் கண்ணாடிக் குமிழ் வைத்த ஒரு குச்சி. மண்ணைத் தண்ணீரில் கலக்கி அரைமணி நேரம் வைத்துவிட்டு அந்தக் குச்சியை முக்கினால் எண் வரும். ஏழு என்றால் நடுநிலை. ஏழுக்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். இதைக் கேட்டதும் எல்லோரும் கொஞ்சம் மிரள்வார்கள். எங்கள் கரிசலுக்கு எட்டு, எட்டேகால் என்பது சகஜம். "நம்ம பக்கத்து ஆளுக மாதிரியே" என்பார் அண்ணாச்சி.

அவர் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஜனங்கள் என்னை நர்ஸாகவே ஆக்கிவிட்டார்கள். "நர்ஸம்மா, எங்க மண்ணுக்கு என்ன சீக்குன்னு பாருங்க" என்றுதான் பையை நீட்டுவார்கள். நானும் திருத்தவில்லை. மண்ணில் ஒரு சொட்டு அமிலத்தை விட்டால் சுண்ணாம்பு இருக்கும் மண் நுரைத்துப் பொங்கும். அதை எல்லோருக்கும் செய்து காட்டுவேன். பரிசோதனைக்கு அவ்வளவு அவசியம் கிடையாது, எல்லாம் என் பெருமைக்குத்தான். ஒருவர் தன்னோடு வந்தவரைப் பிடித்து இழுத்து, "ஏலே, மண்ணு கொதிக்குதுடா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மண்ணெடுக்கிற முறை ஒன்று உண்டு. புஞ்சைக் காட்டில் பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ கொண்டுவர வேண்டும். வரப்போரம், மரத்தடி, எருக்குவித்த இடம் எல்லாம் ஆகாது. பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். யாரும் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஜனங்களுக்கு இது பெண் பார்க்க வருகிற மாதிரி. நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்றால் இருப்பதிலேயே நல்லதை எடுத்துத்தான் காட்டுவார்கள். ஆட்டுக்கிடை அமர்த்திய இடத்து மண், வேம்படி மண் என்று வரும். ஒருவர் கல் பொறுக்கி, புடைத்து, புது மஞ்சள்பையில் போட்டுக் கொண்டுவந்தார். முதல் வருஷம் நான் ஆளாளுக்குச் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் வருஷம் கேள்வி மட்டும் கேட்டேன். மூன்றாம் வருஷம் அலுத்துவிட்டது. படிவத்தில் 'மண் எடுத்த இடம்' என்று ஒரு கட்டம் இருக்கும். காலையிலேயே அன்றைய படிவங்கள் எல்லாவற்றிலும் 'புஞ்சை' என்று எழுதி வைத்துவிடுவேன். வேலை சுலபம்.

அந்த ஆடி மாதத்தில்தான் ராமலட்சுமி அக்கா வந்தார். பரளச்சியைத் தாண்டி ஒரு கிராமம். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். மண்ணைச் சேலைத் துணியில் முடிந்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, நல்லாப் பாத்துச் சொல்லு. எங்க வீட்டுக்காரரு அண்ணன் தம்பி மூணு பேரு. ஆறு ஏக்கரு பொதுவுல கெடக்கு. சோலாருக்காரன் வந்து கேக்குறான். அவுக ரெண்டு பேரும் குடுத்துருவோம்ங்குறாக. இவுகதான், மண்ண டெஸ்ட்டு பண்ணுவோம், நல்ல மண்ணுன்னு வந்தா குடுக்க வேணாம்னு நிப்பாட்டி வச்சிருக்காக."

"உங்களுக்கு என்னக்கா, குடுக்கணுமா வேணாமா?"

"எனக்கு அந்தக் காட்ட விட்டா என்ன தெரியும்? போன வருசம்கூடக் கொத்தமல்லி நல்லாத்தான் வந்துச்சு."

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பெயர், ஊர், சர்வே நம்பர் கேட்டேன். மற்ற கட்டம்தான் ஏற்கெனவே நிரம்பியிருந்ததே. வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

முடிச்சை அவிழ்த்தபோது மண்ணில் கரிப்பொடி கொஞ்சம் இருந்தது, வெள்ளையாகச் சில துணுக்குகளும் இருந்தன. எங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல் சாதாரணம். சலித்துக் கீழே தட்டினேன். அமிலம் விட்டபோது பொங்கிய பொங்கலைக் காட்டப் பக்கத்தில் ஆளில்லையே என்றுகூட நினைத்தேன். மீட்டர் ஒன்பது புள்ளி ஆறு காட்டியது. திக்கென்றது. குச்சியைக் கழுவி, எண் தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபார்த்து, மறுபடி வைத்தேன். ஒன்பது புள்ளி ஆறு. இரண்டு தடவை பார்த்தோம் என்று எனக்கு அன்று அவ்வளவு திருப்தி. அட்டையில் என் குண்டு எழுத்தில், களர் நிலம், காரம் மிஞ்சி விளைச்சலுக்கு ஆகாதது என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்தார். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"மாத்த முடியாதா?"

"முடியும்ணே. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணி கட்டி நிறுத்தி, வடிச்சு விடணும். ரெண்டு மூணு தடவை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மழைக்கே வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். கட்டி வடிக்கத் தண்ணிக்கு எங்க போக?"

"மல்லி வந்துச்சே பாப்பா" என்றார் அக்கா மறுபடியும்.

"இனிமே வராதுக்கா. மிசின் பொய் சொல்லாது."

அக்கா அட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி மேலே வந்தார். "ஏம்மா, அந்தப் பக்கம் அம்புட்டுக் களரா? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு தடவை எழுதி வைத்த எண்ணை எடுத்து நீட்டினேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இறங்கிப் போய்விட்டார். அவர் இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரராக இருந்திருக்கலாம்.

கார்த்திகைக்குள் ஆறு ஏக்கரும் கைமாறிவிட்டது என்று கடைக்கு வருகிறவர்கள் சொன்னார்கள். அடுத்தடுத்த காடுகளும் போயின. எனக்குக் கல்யாணம் ஆனது. அண்ணாச்சியின் பிள்ளைகள் சென்னையில் தங்கிவிட்டார்கள், கடையை விட்டுவிட்டார். மீட்டரின் கண்ணாடிக் குமிழ் காய்ந்து போனால் அப்புறம் அதற்கு உயிர் கிடையாது. நான் இப்போது விருதுநகர் ரோட்டில் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் தண்ணீரின் எண்ணைப் பார்க்கிறேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தண்ணீரில் யாருக்கும் எதுவும் பொங்கிக் காட்ட முடியாது.

போன மாதம் பரளச்சியில் ஒரு விசேஷ வீடு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "நர்ஸுப் பாப்பாதான நீ?" என்றார். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது, ராமலட்சுமி அக்கா. கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மகன் திருப்பூரில் இருக்கிறானாம். வீட்டுக்காரர் அந்தச் சோலார் கம்பெனியிலேயே வாச்மேனாம். வெளியே இரண்டு பக்கமும் கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, கண் கூசியது.

"அந்தா, அந்தக் கம்பத்துக்குப் பின்னால, அதான் நம்ம காடு" என்று காட்டினார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"வடகெழக்குச் சனிமூலையில சாமிக்கல்லு இருந்துச்சு பாப்பா. கம்பெனிக்காரன் நெலத்த மட்டம் பண்ணும்போது அதப் பெயத்து எங்க கையிலயே குடுத்துட்டான். வருசா வருசம் வெள்ளாம வீடு சேந்ததும் அங்கனதான் பொங்க வைப்போம். கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, அடுப்புச் சாம்பல அங்கனயே கொத்தி மூடிருவோம். சாமி சாம்பல வெளிய கொட்டக் கூடாதுல்ல. எங்க மாமனாரு அவுக அப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான். ஒனக்குக் கொண்டாந்தேன்ல, அது அந்த எடத்து மண்ணுதான். கால் படாத மண்ணு. சாமி பக்கத்து மண்ணக் குடுத்தா நீயும் நல்ல வாக்காச் சொல்லுவன்னு நெனச்சேன். அப்பிடியும் அதுல சீக்கு இருந்திருக்கு பாரு."

மூன்று தலைமுறைச் சாம்பல். அதோடு வருஷா வருஷம் வழிந்த சுண்ணாம்பு. இரண்டுமே காரம். பாத்திரம் விளக்குகிற எந்தப் பெண்ணுக்கும் சாம்பலின் வேலை தெரியும். மீட்டர் அந்த ஒரு பிடி மண்ணைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆறு ஏக்கருக்கும் அதுதான் என்று எழுதியவள் நான். எங்கே அள்ளினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அக்கா இதே மாதிரி பெருமையாகச் சொல்லியிருப்பார்.

"பாப்பா, ஒன்னத்தான் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இம்புட்டு வருசமா உழவு இல்ல, ஒரம் இல்ல, வெயிலுகூடச் சரியா படல. சும்மாவே கெடக்கு. இப்ப அந்த மண்ணுக்குச் சரியாயிருக்குமா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அந்த வேலியைச் சுற்றித் தினமும் நடக்கிற மனிதரை நினைத்தேன். அவருக்காகத்தான் சொல்லாமல் விட்டேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கை என் கையை விட்டுவிடும் என்று பயம்.

"சரியாயிருக்கும்க்கா. இந்நேரம் நல்லா ஆயிருக்கும்."

"அப்பச் சரி" என்றார். முகம் தெளிந்துவிட்டது. "எங்ககிட்ட இல்லாட்டியும் அது சொகமாக் கெடக்கட்டும்."

உள்ளே சரளையைக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். கம்பத்துக்குக் குழி தோண்டி சிமெண்ட் ஊற்றியிருக்கிறார்கள். வரப்பு எது, யாருடைய காடு எது என்று கண்டுபிடிக்கவே இனி வழியில்லை. திரும்பவும் மண்ணெடுத்துப் பார்க்கிறேன் என்று நான் கிளம்பினாலும் எடுப்பதற்கு அந்தக் காடு கிடையாது.

அவருடைய நிறுத்தம் வந்தது. எழுந்தவர் என் தலையில் கை வைத்தார். "அன்னைக்கு நீ பாத்துச் சொன்னதுனால தப்பிச்சோம் தாயி. இல்லன்னா அந்தச் சீக்கு மண்ணோடயே மல்லுக்கட்டிச் செத்திருப்போம்." இறங்கினவர் அங்கேயே நின்று, பஸ் கிளம்புகிற வரைக்கும் கை காட்டிக்கொண்டிருந்தார்.

நானும் காட்டினேன்.