வார்னிஷ் பூசிய பாறைகள்

பூங்கா மூலையில் கிடந்த பாறைகளைக் காப்பாற்றியே தீருவது என்று பார்லர்காரி முடிவெடுத்தபோது, சுண்ணாம்புக்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை. கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரே அழகான விஷயம் அதுதான். அதையும் விட்டால் எதிரே பேட்டரி கடைதான்.

எந்தக் காலத்திலோ பல இடங்களிலிருந்து கொண்டுவந்து, எது எப்படி உண்டான கல் என்று பலகை வைத்து, வரிசையாக நட்ட பாறைகள். பலகைகள் மட்கிப்போய்விட்டன. புதர் மண்டிவிட்டது. நகராட்சி அவற்றைப் பெயர்த்து எறிந்துவிட்டு வண்டி நிறுத்த இடம் போடப் போவதாகச் சொன்னது. இவள் நேரே போய்ச் சண்டை போட்டாள். கடைசியில் அதிகாரி இறங்கிவந்தார். மக்களே செலவு செய்து சீராக்கட்டும், நிலவியல் டீச்சர் ஒருவர் சரியென்று எழுதித் தரட்டும், கல் இருக்கும். இல்லாவிட்டால் லாரி வரும்.

பணம் திரட்டுவது அவளுக்குக் கைவந்த கலை. தலையில் ஷாம்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எங்கே ஓடிவிட முடியும்? ஒரு குடும்பத்துக்கு ஒரு கல் என்று தத்துக் கொடுத்தாள். மகா கஞ்சன் என்று பெயரெடுத்த பேட்டரி கடைக்காரரே எல்லாவற்றிலும் பெரிய கல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

புதரை வெட்டினார்கள், கல்லைக் கழுவினார்கள், பலகை எழுதினார்கள். ஆனால் கல் மங்கலாகவே இருந்தது. மங்கலாக எதையும் விட்டுவைக்கிற ஆளா அவள்? அவள் புருஷன் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவரை ஸ்ப்ரே கன்னோடு கூட்டிவந்து எல்லாக் கல்லுக்கும் வார்னிஷ் அடிக்கச் சொன்னாள். பாறைகள் பளபளவென்று மின்னின. தெருவே கைதட்டியது.

டீச்சர் வந்து பார்த்தார். சுண்ணாம்புக்கல்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். அது சும்மா வழிந்து இறங்கியது.

"இந்தக் கல்லுன்னா நுரைக்கணும்மா. அதை வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிப்போம். நீங்க எல்லாத்துக்கும் சட்டை மாட்டி விட்டுட்டீங்க. கல்லைத் தொட்டுப் பார்க்க முடியலையே. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

பார்லர்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் காதோடு சொன்னார்: "விடு, வேற டீச்சரைப் பார்ப்போம். காசு குடுத்தவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேங்க," என்றாள்.

அன்று மாலையே எல்லோரையும் கூப்பிட்டாள். அழகுபடுத்துகிறேன் என்று தான்தான் கெடுத்துவிட்டதாக மூடி மறைக்காமல் சொன்னாள். காசு வேண்டாம், கை வேண்டும் என்றாள். பேட்டரி கடைக்காரர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். தின்னரும் பழைய துணியுமாக ஆளுக்கொரு கல்லைத் தேய்த்தார்கள். அவள் புருஷன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி தான் அடித்ததைத் தானே சுரண்டினார். வார்னிஷ் உரிந்த ஒரு கல்லில், விரல் நகம் அளவுக்குச் கல்லாகிப்போன சின்னச் சிப்பி ஒன்று அவர் கைக்குத் தட்டுப்பட்டது. அந்தக் கல் உண்டான இடம் ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்ததாம். அதைத் தடவிப் பார்த்தவர் அப்புறம் முணுமுணுக்கவில்லை.

அதிகாரி வந்த அன்று டீச்சர் மறுபடியும் ஒரு சொட்டு விட்டார். கல் சுறுசுறுவென்று நுரைத்தது. டீச்சர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அதிகாரி பாறைகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, தாராள மனதோடு சொன்னார்:

"எல்லாம் சரி. மேல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சா இன்னும் எடுப்பா இருக்குமே? செலவை நாங்களே பார்த்துக்கறோம்."

பார்லர்காரி வாயைத் திறப்பதற்குள் அவள் புருஷன் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் சார். நான் பெயிண்டர், நானே சொல்றேன். கல்லை அது பாட்டுக்கு விடுங்க."

அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பார்லர்காரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவு பேர் முன்னாலும் அவள் கண்ணைத் துடைக்கவில்லை.