லிஃப்டில் அழைத்த விருந்தாளிகள்

போன வருடத் தீபாவளியன்று, சுபாங் ஜெயாவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் இது நடந்தது. அன்று எங்கள் வீட்டில் மட்டும் தீபாவளி இல்லை. அதிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கொஞ்ச நாளில் அப்பா தவறிவிட்டார். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கியவர் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய் விட்டது அவருடைய தோள்தான். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா போய்விட்டதால், கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் தீபாவளியெல்லாம் அப்பாவின் ஃப்ளாட்டிலேயே நடந்தது.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தீபாவளி நெருங்கிவிட்டால் யாரைப் பார்த்தாலும் வீட்டுக்குக் கூப்பிடுவார். தெரிந்தவர், தெரியாதவர் கணக்கே கிடையாது. ஐஸ் விற்பவர், லோரி ஓட்டுநர், கொமுட்டர் ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்தவர் என்று ஒருவரையும் விடமாட்டார். தமிழரென்றால் "தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திரணும்". மற்றவர்களென்றால் "டத்தாங் ரூமா சாயா", அதே கட்டளை மலாயில். பாதிப் பேர் உண்மையிலேயே வந்து நிற்பார்கள். அந்த ஊர்வலம் முழுக்க என் மகள் தாத்தாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே சுற்றுவாள். போன வருடம் அவளுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோலம் இல்லை, புதுத்துணி இல்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. சொந்தக்காரர்கள் பார்த்துப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. அப்பாவுக்கு நான் செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான் என்று நினைத்தேன். அதனால் இதில் ஒரு நூல்கூடப் பிசகக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். "சின்னப் புள்ள, ஒரு கம்பி மத்தாப்புகூட இல்லைன்னா எப்படிங்க?" என்று மனைவி கேட்டபோது, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

மகளிடம் என்ன சொல்வது என்பதில்தான் இருவருமே கோட்டை விட்டோம். அப்பா இறந்தபோது அவளை மனைவியின் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். தாத்தா சாமிகிட்ட போயிட்டாங்க என்று மனைவி சொன்னாள். மகள் தலையாட்டினாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். வீட்டில் அப்பாவைப் பற்றிய பேச்சே மெல்ல நின்றுபோனது.

தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, அவளைப் பல் மருத்துவரிடம் காட்டுவதற்காகப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தோம். தெரு முழுக்கத் தற்காலிகக் கடைகள். ஒரு கடையில் மயில் நீலப் பாவாடையைப் பார்த்து மகள் நின்றுவிட்டாள். கடைக்கார அக்கா விடுவாரா?

"பாப்பாக்குன்னே தச்ச மாதிரி இருக்குண்ணே. பாருங்கண்ணே, போட்டுப் பாக்க காசு இல்ல."

"இந்த வருஷம் எங்களுக்கு இல்லக்கா."

அவருடைய குரல் அந்த நொடியே இறங்கிவிட்டது. "யாருண்ணே?"

"அப்பா."

பாவாடையை மெதுவாக எடுத்துத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு, கண்ணாடி வளையல்களில் நான்கை உருவி மகளின் கையில் போட்டார். "இது தீபாவளிக்கு இல்லம்மா. சும்மா போட்டுக்க" என்றார். நான் பணத்தை நீட்டியபோது கோபமாகவே பார்த்தார். மகள் வளையலைப் பார்க்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளியன்று காலை எழுந்து ஹாலுக்கு வந்தால், மகள் வாசல் கதவுக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு முந்தைய தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டையைத் தானே எடுத்து மாட்டியிருந்தாள். தோளில் இறுக்கிப் பிடித்தது, பாவாடை கணுக்காலுக்கு மேலே நின்றது. கையில் அந்த நான்கு வளையல்கள். பக்கத்தில் அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு.

"சாப்பிட வா" என்றால் வரவில்லை. "அப்புறம்" என்றாள்.

மனைவி என்னை அடுப்படிக்கு இழுத்தாள். "தாத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு உக்காந்திருக்குங்க. இன்னும் எத்தன நேரம் இப்படியே விடுறது? போய்ச் சொல்லுங்க."

"நீ சொல்லேன்."

"உங்க அப்பா. நீங்கதான் சொல்லணும்."

நியாயம்தான். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோஸ் நறுக்கிக் கிடந்தது. எந்த நாளும் போல ஒரு நாள். அலுவலகத்தில் இருபது பேர் முன்னால் நின்று விளக்கம் கொடுப்பவன் நான். ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் சொல்வதற்கு வார்த்தை தேடினேன். போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மாடி, தாத்தா வந்து..."

வாசல் மணி அடித்தது.

மகள் துள்ளி எழுந்தாள். கதவைத் திறந்தால், எதிர்வீட்டு மலாய் அக்கா. பளபளவென்று பாஜு கூரோங் அணிந்து, கையில் பிஸ்கட் டின்னோடு நின்றார். பின்னால் அவருடைய மகன், தலைவாரி, புதுச் சட்டையில். "செலாமாட் தீபாவளி!" என்றார் வாய் நிறைய. நான் பழைய டீசட்டையும் கைலியுமாக நின்றுகொண்டிருந்தேன்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் லிஃப்ட் திறந்தது. ஒன்பதாவது மாடிச் சீன அங்கிள் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் கட்டடத்து ஜாகா, இரவுக் காவல் பார்க்கும் நேப்பாளக்காரர். சீருடை இல்லாமல் இஸ்திரி போட்ட சட்டையில் அவரை முதலில் அடையாளமே தெரியவில்லை.

"வாங்க, வாங்க! டத்தாங், டத்தாங்!" என்று மகள் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். அறுபது வயது அங்கிள் ஒரு நாற்காலியைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், பேசாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் முழியைப் பார்த்து அங்கிளே மலாயில் விளக்கினார். பல நாட்களாக லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் உன் மகள் தீபாவளிக்குக் கூப்பிடுகிறாள். நிஜமாகவா என்று உன்னிடமே கேட்டேன், நீயும் தலையாட்டினாயே என்றார். ஆட்டியிருப்பேன். லிஃப்டில் என் கண் எப்போதும் கைப்பேசியில்தான் இருக்கும்.

அடுப்படியில் மனைவி பதறிக்கொண்டிருந்தாள். "ஏங்க, அவங்க என்னமா உடுத்திட்டு வந்திருக்காங்க, நான் நைட்டியில நிக்கிறேன்! என்னத்தங்க வைக்கிறது? அப்பளமாச்சும் பொரிக்கட்டுமா?"

"வேணாம். எண்ணெய் வைக்க வேணாம்."

"அப்ப சாம்பாரும் கோசுமா? தீபாவளிக்கு வந்தவங்களுக்கா?"

அப்பாவுக்காகப் பிடித்துவைத்த அந்த ஒரு வருடத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. வந்தவர்களிடம் பொய்யாகச் சிரித்துச் சமாளிக்கவும் தெரியவில்லை. கூடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அப்பா இறந்துவிட்டார், இந்த வருடம் நாங்கள் கொண்டாடுவதில்லை, மகளுக்கு அது தெரியாது, மன்னியுங்கள் என்று மலாயில் திக்கித் திணறினேன்.

மலாய் அக்கா கையை நெஞ்சில் வைத்தபடி உடனே எழுந்துவிட்டார். தெரியாமல் வந்துவிட்டோமே என்று மகனின் கையைப் பிடித்தார். ஜாகாவும் எழுந்தார். மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். உதடு பிதுங்கத் தொடங்கியது. ஆனால் அழவில்லை. நேராகக் கதவருகே போய், முதுகைக் கதவில் சாய்த்து நின்றுகொண்டாள்.

"சாப்டாம யாரும் போகக் கூடாது."

அப்பா சொல்லும் அதே வார்த்தை, அதே அதட்டல். அப்பாவும் இப்படித்தான் கதவை மறித்து நிற்பார். மனைவி அடுப்படி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கிள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். கொண்டாடக் கூடாது என்றால் என்னவெல்லாம் கூடாது என்று கேட்டார். அதையும் சொன்னேன். வீட்டில் பலகாரம் செய்யக் கூடாது, மற்ற வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைச் சாப்பிடலாம் என்றேன். அவர் தன் ஆரஞ்சுப் பையைப் பார்த்தார். பிஸ்கட் டின்னைப் பார்த்தார். ஜாகாவின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"நீ ஒன்றும் செய்யவில்லை. நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம். அப்புறம் எங்கே தப்பு, லா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. நம் வழக்கம் அறிந்தவர்கள் செய்ய வேண்டியதை, அது இன்னதென்றே தெரியாத மூன்று பேர் கை நிறையக் கொண்டுவந்து நின்றிருக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்பும்படி எந்த வழக்கமும் சொல்லவில்லை.

"உக்காருங்க" என்றேன். மகள் கதவை விட்டு நகர்ந்தாள்.

சாம்பாரும் சோறும் முட்டைக்கோசும் சாப்பிட்டோம். அக்காவின் மகனுக்கு முட்டைக்கோஸ் பிடிக்கவில்லை. மகள் அவனுக்கு பிஸ்கட் டின்னைத் திறந்து கொடுத்து, "உங்கம்மா கொண்டாந்ததுதான், சாப்புடு" என்று உபசாரம் செய்தாள். ஜாகாவின் பொட்டலத்தில் இருந்தது, அரிசி மாவில் வளையல் போலச் சுட்ட ஒரு பலகாரம். நம் அதிரசத்துக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவர்கள் ஊரிலும் இது விளக்குப் பண்டிகை நேரமாம். விடுதியில் நண்பர்களோடு சேர்ந்து சுட்டிருக்கிறார். என் மகள் வயதில் அவருக்கும் ஊரில் ஒரு மகள். இங்கே வந்த பிறகு யாரும் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை என்று, குறையாக இல்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார்.

சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இவர்தானா என்று மலாய் அக்கா கேட்டார். அதற்குப் பிறகு நான் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் ஒருமுறை ரயிலில் டிக்கெட் பரிசோதகரையே தீபாவளிக்குக் கூப்பிட்ட கதை, அந்தப் பரிசோதகர் குடும்பத்தோடு வந்து இறங்கிய கதை என்று நிறுத்தாமல் பேசினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த வீட்டில் அப்பாவின் பேச்சு எழுந்தது. இடையிடையே மகள் என்னைத் திருத்தினாள். "இல்லப்பா, அவங்க வீட்ல ரெண்டு பாப்பா."

எல்லோரும் போன பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டே கேட்டேன். "ஏன்டா, இவங்களையெல்லாம் கூப்ட்டேன்னு அப்பாகிட்ட சொல்லவே இல்ல?"

ஆரஞ்சுத் தோலை உரித்தபடி, என்ன, இதுகூடத் தெரியாத அப்பாவாக இருக்கிறாரே என்பது போல என்னைப் பார்த்தாள்.

"தாத்தாதான எல்லாரையும் கூப்டுவாங்க? தாத்தா செத்துட்டாங்கல்ல. அதான் நான் கூப்ட்டேன்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, வளையல் கடையிலாக இருக்கலாம், அதற்கும் முன்பாக இருக்கலாம். காலையிலிருந்து அவள் கதவருகே தாத்தா வீட்டுக்குப் போகக் காத்திருக்கவில்லை. தாத்தாவின் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

அப்பாவின் வருடத் திவசம் முடிந்துவிட்டது. இந்த வருடம் எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி உண்டு, மயில் நீலப் பாவாடையும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் அதே அக்காவின் கடையில்தான் வாங்கினோம். மகள் இப்போதே லிஃப்டில் வேலையைத் தொடங்கிவிட்டாள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, அவள் கூப்பிடும் ஒவ்வொருவரையும் நானும் முகம் பார்த்துக் கூப்பிடுகிறேன். அப்பா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வருடத் துக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், திறந்த கதவையும் விட்டுப்போயிருக்கிறார் என்பதை என் மகள்தான் எனக்குக் காட்டினாள்.