பதின்மூன்றாவது ஆள்

நேற்று மாலை மொன்ரியலுக்குப் பக்கத்தில், லவாலில் ஒரு வீட்டில் பத்துப் பேர் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது, நான் மட்டும் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

சென்ட் லோரன்டில் ஒரு மருந்து வெயர்ஹவுசில் எனக்கு எண்ணுகிற வேலை. லொறியில் வரும் பெட்டிகள் தாளில் எழுதியிருக்கும் அளவுக்கு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதமாகத் தற்காலிகம். இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பெர்மனன்ட் இடம் ஒன்றே ஒன்று. அதற்கு நானும் நத்தலி என்ற பெண்ணும் போட்டி.

நத்தலி கெட்டிக்காரி. தாளில் பன்னிரண்டு என்று இருந்தால் பன்னிரண்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவாள்.

நான் எண்ணுவேன். (எண்ணுகிற வேலையில் என்மேல் இருந்த ஒரே குறை அதுதான்.)

மனேஜர் மிஷேல் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவருடைய பிரெஞ்சை என் தமிழில் தருகிறேன்: "நீ நல்லாத்தான் செய்யிறாய். ஆனா சரியான ஸ்லோ."

அந்த மிஷேல்தான் எங்கள் பகுதி முழுவதையும் வீட்டுக்கு அழைத்தார். கனடாவின் கால்பந்து இறுதிப்போட்டி, எங்கள் மொன்ரியலும் சஸ்காச்சுவானும். (பெரும்பாலும் கையால் விளையாடுகிற கால்பந்து. கேள்வி கேட்காதீர்கள்.) மறுநாள் திங்கட்கிழமை வேலை யாருக்கு என்று சொல்வாராம்.

இதை இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். ரீவியில் ஓடும் எல்லா அணிகளுக்கும் கேட்காமலே பயிற்சியாளர்.

"நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். விளையாட்டெண்டா என்னட்ட விடும்."

"உங்களுக்கு இந்த விளையாட்டுத் தெரியுமேப்பா?"

"தெரியாட்டி என்ன? இன்ரநெற் இருக்குத்தானே."

நூலகத்துக்குப் போய்ப் பத்தொன்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தார். ஒரு வாரம் சமையலறையில் வகுப்பு நடந்தது. யாரும் மதிக்காத அணியில் இருந்துகொண்டு, நாங்கள்தான் வெல்வோம் என்று அடித்துச் சொல்லி, வென்றும் காட்டிய ஒருவர். ஒரு ஆட்டமும் தோற்காமல் கிண்ணம் எடுத்த மயாமி அணி. போன வருஷம் பந்தைத் தன் தலைக்கவசத்தோடு சேர்த்து அமுக்கிப் பிடித்து, அதுவரை தோற்காத அணியின் கதையை முடிக்க உதவிய இன்னொருவர். நான்கு முயற்சிக்குள் பத்து யார்ட் தூரம் முன்னேற வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர்.

கறி இரண்டு தரம் அடிப்பிடித்தது. நான் எல்லாவற்றையும் பாடமாக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். வழியெல்லாம் உதடு அசைந்தபடி போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு முயற்சி முடிந்ததும் மூன்றாவதில் பந்தை உதைத்து மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு கிடக்கே, ஏன் குடுத்தவை?" என்றேன், நிபுணர் குரலில்.

மிஷேல் பொறுமையாகச் சொன்னார்: "எங்கட ஆட்டத்தில மூண்டுதான். நாலு அமெரிக்காவில."

சரி, தலைக்கவசக்காரரை எடுத்துவிட்டேன். "அதுவும் அமெரிக்கா," என்றார்.

மயாமி? (மயாமி எந்த நாட்டில் இருக்கிறது என்று வாயைத் திறந்த பிறகுதான் யோசித்தேன்.)

கடைசி ஆயுதம். களத்தில் நின்றவர்களை எண்ணினேன். "ஒராள் கூட நிக்கிறார். பன்னிரண்டு பேர்."

நத்தலி விழுந்து விழுந்து சிரித்தாள். "கனடாவில பன்னிரண்டுதான்."

பத்தொன்பது பக்கமும் பக்கத்து நாட்டு ஆட்டம். எனக்கு அழுகை வந்தது. ஒரு ரோல்ஸை வாய்க்குள் வைத்து அடக்கினேன்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் வரிசையாக நிற்கும்போது எண்ணினேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. தாளில் உள்ளபடியே இருந்தது.

மொன்ரியல் ஆட்டம் முழுக்கப் பின்னால்தான். கடைசியில் விரட்டி விரட்டி 27க்கு 25 வரை வந்துவிட்டார்கள். நேரம் முடிந்து ஒரே ஒரு உதை மிச்சம். கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் கிண்ணம் எங்களுக்கு.

உதைத்தார். பந்து வெளியே போனது.

சஸ்காச்சுவான்காரர்கள் துள்ளிக்கொண்டு களத்துக்குள் ஓடினார்கள். இங்கே வீடு செத்த வீடு மாதிரி ஆனது. மிஷேல் சிப்ஸ் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

"பதின்மூண்டு," என்றேன்.

"ஐயோ, பன்னிரண்டு எண்டு சொன்னனான்தானே," என்றாள் நத்தலி.

"ஓம், இருக்க வேண்டியது பன்னிரண்டு. உதைக்கேக்க அந்தப் பக்கம் நிண்டது பதின்மூண்டு."

மிஷேல் ஒரு கண்ணைத் திறந்தார்.

ரீவியில், பிழை நடந்ததற்கு அடையாளமாக நடுவர் எறிந்த துணி புல்லில் கிடந்தது. பிறகு அறிவித்தார்: சஸ்காச்சுவான் பக்கத்தில் ஆட்கள் கூடுதல். மொன்ரியல் பத்து யார்ட் கிட்டப் போய் இன்னொரு தரம் உதைக்கலாம்.

உதைத்தார். உள்ளே போனது. 28க்கு 27.

சிப்ஸ் கிண்ணம் என்ன ஆனது என்று தெரியவில்லை. என் தலைமுடிக்குள் பாதி இருந்தது.

இன்று காலை மிஷேல் கூப்பிட்டுக் கடிதத்தைக் கையில் தந்தார். பெர்மனன்ட்.

"ஒரு வருஷமாப் பயிற்சி எடுத்தவங்களுக்கே தங்கட ஆக்களை எண்ணத் தெரியேல்லை," என்றார். "நீ ஸ்லோவாவே எண்ணு. ஆனா தயவுசெய்து ஃபுட்போல் மட்டும் கதைக்காதை."

சாப்பாட்டு அறையில் இருந்து இவருக்குப் போன் எடுத்தேன்.

"நான் சொன்னனான்தானே," என்றார்.

"என்னத்தைச் சொன்னனீங்கள்? அவ்வளவும் அமெரிக்க ஆட்டம். அங்க நான் பட்ட வெக்கம் எனக்குத்தான் தெரியும்."

தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நான் பதினொண்டு எண்டு பிழையாச் சொல்லித் தராட்டி, நீர் எண்ணத் தொடங்கியிருப்பீரே?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் இன்னும் கூடுதலாக வந்தது.

நண்பர்களே, பிழையாகப் படிப்பித்து வேலை எடுத்துத் தந்த ஒரு மனிதருக்கு எப்படி நன்றி சொல்வது? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

(பதிலில் அவர் பெயரை மட்டும் டேக் பண்ண வேண்டாம். பத்தொன்பது பக்கத்தையும் ஏற்கெனவே சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.)