நயினார் சுமந்து வந்த காற்று

செய்தி வந்தபோது நான் பள்ளி மைதானத்தில் இருந்தேன். விளையாட்டு விழாவுக்காகப் பெண்களை வரிசையில் நிறுத்திவிட்டு விசிலை வாயில் வைத்திருந்தேன். கம்பவுண்டர் பழனி சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். பள்ளிக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்காத மனிதர். “டீச்சர், நம்ம நயினார் காலைல போயிட்டாருங்க. கடையத் தொறந்துட்டு அப்படியே சாஞ்சிட்டாராம். மாரடைப்புன்னு சொல்றாங்க” என்றார். நான் விசிலை ஊதிவிட்டேன். ஏன் ஊதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அறுபது பெண்கள் ஓடத் தொடங்கிவிட்டார்கள்.

அவலூர்ப்பேட்டை சாலையில் டயர் கடை வைத்திருந்த தரணேந்திர நயினாரை இதைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். லாரிக்காரர்களுக்கு அவர் ‘காத்துக்கடை நயினார்’. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் தண்ணீர்கூட வாயில் படாது. மறுநாள் பொழுது விடிந்த பிறகுதான் எல்லாம். உங்களுக்குத் தெரியாத இன்னொரு நயினாரும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் பின்கட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, வட்டம் போட்ட காகிதத்தைத் தொங்கவிட்டு, காற்றுத் துப்பாக்கியால் சுடுகிறவர். அவரோடு சேர்ந்து சுட்டவர்கள் நாங்கள் நான்கைந்து பேர். அதில் ஒரே பெண் நான், அதிலும் முன்கோபக்காரி. முதல் நாள் தயங்கி நின்றபோது, “காயிதத்துக்கு சுடறது யாருன்னு தெரியாதுங்க டீச்சர். வாங்க” என்றார்.

பழைய இரும்புச் சாமான்களோடு ஏலத்தில் அவருக்கு வந்த துப்பாக்கி அது. தோல் வாஷரை மாற்றி அவரே சரிசெய்தார். எறும்பை மிதிக்காமல் நடக்கிறவருக்கு இது எதற்கு என்று ஒருமுறை கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. “சுடறதுக்கு முன்னாடி மூச்ச நிறுத்தறோம் பாருங்க, அப்பதான் மனசு ஒரு எடத்துல நிக்குது. வேற எங்கயும் நிக்கமாட்டேங்குது” என்றார். ஏதோ பெரிய மனிதத் தோரணையில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்ததும் நினைவில் இருக்கிறது. வேர்க்கடலைக் கொல்லையில் முயல் தொல்லை, துப்பாக்கியை இரண்டு நாள் கொடுங்கள் என்றார். நயினார் அவருக்கு மோர் கொடுத்தார், வண்டி டயரைப் பார்த்துக் காற்று அடித்தார், காசு வாங்கவில்லை, துப்பாக்கியும் கொடுக்கவில்லை. “காயிதத்துக்கு வலிக்காதுங்க, அதான் சுடறோம். மொயலுக்கு வலிக்கும்” என்றார். விவசாயி எங்களையெல்லாம் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எண்பதுகளின் நடுவில், கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் இங்கிலாந்திலிருந்து ஒரு புதுமாதிரித் துப்பாக்கி கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பழைய துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் மடக்கி, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அழுத்திச் சுட வேண்டும். சுடும்போது தோளில் உதைக்கும். இது அப்படியில்லை. குழலுக்குக் கீழே ஒரு குப்பி. அதில் முதலிலேயே காற்றை நிரப்பிக்கொண்டால் நாற்பது முறை சுடலாம், அசையவே அசையாது. ஆனால் லாரி டயரில் இருப்பதைப்போல இருபது மடங்கு அழுத்தம் வேண்டும். நிரப்புவதற்கு ஒரு ரப்பர் குழாயும் நுனியில் ஒரு பித்தளை மூக்கும் கூடவே வந்தன. காற்று மட்டும் வரவில்லை.

அந்த ஞாயிறு முழுக்க எந்தக் காற்று என்பதுதான் பேச்சு. கடையிலேயே கம்ப்ரசர் இருக்கிறதே என்றேன். நயினார் ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து கம்ப்ரசர் குழாயின் முன்னால் பிடித்தார். ஒரு நிமிடத்தில் காகிதம் முழுவதும் எண்ணெய்ப் புள்ளியும் ஈரமும். “அழுத்தமும் கம்மி, அழுக்கும் ஜாஸ்தி. டயருக்கு இது போதும். இதுக்குப் போதாது” என்றார். பழனி சைக்கிள் பம்பை எடுத்துவந்து ஆள் மாற்றி ஆள் அடிக்கலாம் என்றார். கையால் அடித்து அந்த அழுத்தத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த பம்பு வேண்டும், அது எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பழனியே, “ஸ்டேஷன் பக்கம் வெல்டிங் கடையில கறுப்பு சிலிண்டர் நிக்குதே, ஆக்சிஜன். அதுல அழுத்தம் எக்கச்சக்கம்” என்றார். “அது வேணாம்” என்று நயினார் எழுந்து போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் அண்ணனே வழி சொன்னார். கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் சிலிண்டர் ஒன்றைச் சென்னைத் துறைமுகத்தில் பழையதாக வாங்கித் தந்தார். மனிதன் மூச்சு விடுவதற்காக நிரப்புவதால் அதில் எண்ணெயும் இருக்காது, ஈரமும் இருக்காது. காலியானால் சென்னைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். நயினார் அந்தச் சிலிண்டரைக் கைக்குழந்தையைப்போல வைத்துக்கொண்டார். தொடுவதற்கு முன் சோப்புத்தூள் போட்டுக் கைகழுவுவார். பித்தளை மூக்கைத் துடைத்து முகர்ந்து பார்ப்பார். எங்களையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வால்வைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல மெல்லத் திருகுவார். “அவசரப்பட்டா காத்து சூடாகும். சூடானா கோவம் வரும்” என்பார். என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

அந்த வருடம் சென்னையில் பெண்களுக்கான மாநிலப் போட்டி அறிவித்தார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு. வலது கண் மங்க ஆரம்பித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போனால் இந்த வருடம், இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. தினமும் பள்ளி விட்டதும் கடைக்குப் போய்ச் சுட்டேன். மஞ்சள் சிலிண்டரில் காற்று குறையக் குறைய துப்பாக்கியில் ஏறுவதும் குறைந்தது, குண்டு வட்டத்துக்குக் கீழே கீழே விழுந்தது. போட்டிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது ஒன்றுமில்லாமல் போயிற்று. அது கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம். அந்தச் சமயத்தில் நம் ஊருக்கு வரும் பஸ்கள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மனிதனுக்கே படியில்தான் இடம்; சிலிண்டரை எந்த கண்டக்டர் ஏற்றுவார்? “தீபம் முடியட்டும் டீச்சர்” என்றார் நயினார். தீபம் முடிந்த மறுநாள் போட்டி.

அவரிடம் சொல்லாமல் வெல்டிங் கடைக்குப் போனேன். பித்தளை மூக்கு கறுப்பு சிலிண்டரில் பொருந்தும்படி பக்கத்து லேத்தில் ஒரு மரை வெட்டித் தருவதாக ஏற்பாடு. எல்லாம் சுலபமாகத் திருகவேண்டுமே என்று, முந்தின நாள் மாலை துப்பாக்கியில் காற்று ஏறும் வாயிலும் பித்தளை மூக்கிலும் என் தையல் மெஷின் எண்ணெயை நான்கு சொட்டு விட்டிருந்தேன். அக்கறையாகச் செய்ததாக நினைப்பு.

வெல்டிங்காரர் சாவியை எடுக்கும்போது நயினார் வந்து நின்றார். பழனி சொல்லியிருக்கிறார். என் கையிலிருந்த குழாயை வாங்கி முகர்ந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். “எண்ணெ உட்டியா?” என்றார். பதினொரு வருடப் பழக்கத்தில் என்னை ஒருமையில் பேசிய ஒரே தடவை அதுதான். பிறகு கத்தினார். “எண்ணெ பட்ட எடத்துல ஆக்சிஜன உட்டா வெடிக்கும்! படிச்ச பொம்பள தானே நீ! அறிவில்ல?” பூஜைச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். என் மாணவி ஒருத்தியின் தாயார் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். “இந்த வெல்டிங்காரரு தெனம் அதைத்தானே தொறக்கறாரு, வெடிச்சிடுச்சா?” என்று நானும் கத்தினேன். அவர் பித்தளை மூக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். தெருவில் வைத்து அவமானப்படுத்திவிட்டாரே என்பதுதான் மனதில் ஓடியது. வெடிக்கும் என்று சொன்னது காதிலேயே ஏறவில்லை.

மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் நயினார். தோளில் மஞ்சள் சிலிண்டர், சாக்கில் சுற்றியது. வேட்டியெல்லாம் செம்மண். “மெட்ராஸ் போயி ரொப்பினு வந்துட்டேங்க டீச்சர். சுத்தமான காத்து. இன்னும் நாலு நாள் இருக்குது, தாராளமா பழகலாம்” என்றார். மறுபடி ‘ங்க’ வந்துவிட்டிருந்தது. மன்னிப்புக் கேட்கும் குரல்தான் அது, இப்போது தெரிகிறது. நான் வாசற்படியைவிட்டு இறங்கவில்லை. “உங்க காத்து எனக்கு வேணாம். போட்டியும் வேணாம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே நின்று கேட்டேன். சிலிண்டரை மறுபடி தோளில் ஏற்றும்போது அவர் முனகிய சத்தம் கேட்டது.

போட்டிக்குப் போகவில்லை. அடுத்த வருடம் கண்ணாடி வந்துவிட்டது. என் ஆசையைக் கெடுத்தவர் அவர்தான் என்று நான்கு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீம்பு எனக்கு வயிற்றுச் சோறு மாதிரி, அது இல்லாமல் இருக்கமுடியாது. பௌர்ணமிக்கு மலை சுற்றும்போது செங்கம் சாலையில் ஒருமுறை எதிரே வந்தார். “அந்தக் காத்து அப்படியே இருக்குதுங்க டீச்சர்” என்றார். “சரி” என்று சொல்லிவிட்டு நடந்தேன். நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது.

செய்தி வந்த அன்று மைதானத்திலிருந்து நானும் பழனியும் நேரே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது, பேசத்தான் முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த ஒருநாள் அவர் மனைவி சுலோசனா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பின்னறையில் சாக்கு சுற்றிய மஞ்சள் சிலிண்டர். கழுத்தில் ஒரு நூல், நூலில் பித்தளை மூக்கு. “டீச்சர் காத்துன்னு சொல்லுவாருங்க. வருசா வருசம் தீபத்துக்கு மீட்டர் வச்சிப் பாப்பாரு, எறங்கிடுச்சான்னு. நீங்க வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு” என்றார்.

நான் அழ ஆரம்பித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னார். இந்த ஊருக்கு வருவதற்கு முன் நயினாரும் அவர் தம்பியும் சேர்ந்து ஆரணியில் டயர் கடை வைத்திருந்தார்கள். ஒருநாள் கம்ப்ரசர் பெல்ட் அறுந்துபோயிற்று. லோடு ஏற்றிய லாரி நிற்கிறது, டிரைவர் பறக்கிறான். பக்கத்து வெல்டிங் கடை ஆக்சிஜனிலிருந்து டயருக்குக் காற்று விட்டுவிடலாம் என்று நயினார்தான் சொன்னார். தம்பி குழாயைப் பிடித்துக்கொண்டு டயர்பக்கம் குந்தியிருந்தார். அங்கே கிரீஸ் இருந்திருக்கிறது. வெடித்ததில் தம்பி பிழைக்கவில்லை. “தொறந்தது இவரு கைங்க. தம்பிக்குக் கல்யாணம் ஆயி ஆறு மாசம். இத யார்கிட்டயும் சொன்னதில்ல, எங்கிட்டயே ஒருவாட்டிதான் சொன்னாரு.” நயினாருடைய இடது கையில் தீய்ந்த தழும்பு இருந்ததே, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டயர் அச்சில் சுட்டுக்கொண்டார் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

மூச்சை நிறுத்தும்போது மட்டும் ஏன் அவர் மனது ஓர் இடத்தில் நின்றது என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அன்று வெல்டிங் கடையில் எண்ணெயை முகர்ந்தபோது அவர் கண்ணில் நான் இல்லை என்பதும் விளங்கிற்று.

கிளம்பும்போது சுலோசனா இன்னொன்றும் சொன்னார், குறையாக அல்ல, பேச்சோடு பேச்சாக. சென்னையிலிருந்து திரும்பும்போது ஒரு பஸ்ஸிலும் ஏற்றவில்லையாம். செங்கல் லாரி ஒன்றில் நின்றுகொண்டே வந்தாராம். வழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டதால் ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. விடிந்ததும் ஊருக்கு வந்தவர் தன் வீட்டுக்குப் போகாமல் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறார்.

சிலிண்டர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. சோப்புத்தூள் போட்டுக் கைகழுவாமல் அதைத் தொடுவதில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். அவர் கொண்டுவந்தபோது இருந்த அழுத்தத்தில் அநேகமாக ஒன்றும் குறையவில்லை. நான்கு வருடம் அவர் எனக்காகக் காத்துவைத்த காற்று அது. திறக்க மனம் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நெஞ்சில் கிடப்பது வேறொன்று. நம் ஊரில் பகைக்காரன் படியேறினாலும் கேட்கிற ஒரு வார்த்தை உண்டே, “சாப்டீங்களா” என்று. அன்று காலை என் வாசலில் பட்டினியோடு நின்றவரிடம் அதைக்கூட நான் கேட்கவில்லை.