மோட்டாருக்குப் போன் போட்ட கண்ணாயிரம்

வடக்கனந்தல் கண்ணாயிரத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. சொத்து என்று பார்த்தால் மூன்று ஏக்கர் மரவள்ளி, பாதிக் கிணறு, ஒரு பகை. மீதிப் பாதிக் கிணறும் பகையின் மறுபாதியும் அண்ணன் நாராயணசாமியிடம் இருந்தன. பாகம் பிரித்தபோது வரப்போரத்துப் புளியமரம் யாருக்கு என்று முறைத்துக்கொண்டவர்கள். மூன்றாம் வருஷம் அடித்த புயலில் மரம் சாய்ந்துவிட்டது. அதன் பிறகும் சண்டையைத் தொடர்ந்தார்கள்.

மோட்டாரும் ஒன்றுதான். ஒருநாள் இவர் முறை, மறுநாள் அவர் முறை. காலை ஆறு மணிக்கு மும்முனை கரண்டு வரும். அப்போது முறை முடிந்தவர் கொட்டகைச் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆணியை இருவருமே நம்பவில்லை. ஆகவே பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷம் நாள் தவறாமல் சந்தித்தார்கள்.

"வால்வு புடிக்கல."

"கரண்டு கம்மியா வருது."

"ஓரமா பாம்பு போவுது, பாத்து."

மோட்டாரைப் பற்றிப் பேசுவது பேச்சில் சேராது என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள்.

போன வருஷம், சென்னையில் வேலை பார்க்கும் மகள் தேவிப்ரியா ஒரு பெட்டி வாங்கி வந்து மோட்டாரில் பொருத்த வைத்தாள். அதற்குள் ஒரு சிம் கார்டு. போன் போட்டால் மோட்டார் ஓடும்.

"பெரிப்பா நம்பரையும் இதுல ஏத்திட்டேம்பா. இனிமே யாரும் பனியில நடக்க வேணாம்."

அந்தப் பெட்டியைக் குறை சொன்னால் கண்ணாயிரத்தின் நாக்கு அழுகிவிடும். முட்டிவலிக்காரருக்கு அது குலதெய்வம். இரண்டு காட்டிலும் சொட்டுநீர்க் குழாய் என்பதால் மடை திருப்பவும் ஆள் வேண்டாம். தியாகதுருகத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சினார். "மோட்டார் இயங்குகிறது" என்று போனில் ஒரு பெண்குரல் சொன்னது. வீட்டில் யாரும் தனக்கு இவ்வளவு பணிவாகத் தகவல் சொன்னதில்லை என்று, பக்கத்து இலைக்காரருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

கொட்டகைச் சாவி அவர் வீட்டு காலண்டர் ஆணியில் கேட்பாரற்றுத் தொங்கியது. அண்ணன் முறை நாட்களில் ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் வீடு வரை கேட்கும். "கெழவன் நல்லாத்தான் இருக்கறான்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஐப்பசியில் ஒருநாள், பால் சொசைட்டியில் பால் அளக்கும் வெங்கடேசன் கேட்டார். "அண்ணன் எப்பிடி இருக்கறாரு? ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டாராமே."

"எந்த ஆஸ்பத்திரி?"

"நெஞ்சு வலின்னு கள்ளக்குறிச்சில ஒம்போது நாளு படுத்துக்கினு இருந்தாரே. இன்னாய்யா, ஒனக்குத் தெரியாதா?"

அண்ணன் பேச்சை எடுத்தால் கண்ணாயிரம் எழுந்து போய்விடுவார் என்று ஊரில் யாரும் எடுப்பதில்லை. ஒன்பது நாளும் தன் முறை வரும்போதெல்லாம் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே மோட்டாருக்குப் போன் போட்டிருக்கிறார். தம்பி சத்தத்தைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். போன் அண்ணி அமிர்தத்தின் கையில் இருந்திருந்தால், அண்ணன் செத்த பிறகும் மோட்டார் ஓடியிருக்கும். இதை நினைத்ததும் கண்ணாயிரம் பால் கேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

காட்டுக் கொட்டாயில் குடியிருக்கும் அண்ணனை நேரே போய்ப் பார்த்திருக்கலாம். பன்னிரண்டு வருஷ வீம்பு விடவில்லை. காலண்டர் ஆணியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். சிம்மைப் பிடுங்கி, மடியில் இருந்த தன் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவில் போட்டு மூடினார்.

மறுநாள் அண்ணன் முறை. ஆறு மணிக்குச் சாவியோடு கொட்டகை வாசலில் நின்றார். ஆறரைக்கு நாராயணசாமி தடியை ஊன்றிக்கொண்டு வரப்பில் வந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். நோயாளியை நடக்க வைத்த பாவம் அப்போதுதான் கண்ணாயிரத்துக்கு உறைத்தது. முட்டியை மறந்து ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார்.

"மிசினு கெட்டுப்போச்சா?" என்றார் அண்ணன்.

"கெட்டுப்போச்சு."

நாராயணசாமி வரப்பிலேயே உட்கார்ந்தார். "நான் படுத்துக்கினு இருந்தப்ப தண்ணி ஒழுங்கா பாஞ்சிதா?"

"ஒரு நாளும் நிக்கல."

"ஒரு நாளு போடாம வுட்டிருந்தா இன்னான்னு பாக்க நீ வந்திருப்ப. கரும்பு காஞ்சிடுமேன்னு போட்டுட்டேன்."

கண்ணாயிரம் அழுதார். மோட்டார் பேச்சுதான் என்பதால் சட்டம் எதுவும் மீறப்படவில்லை.

"நீ நடக்காதண்ணா. ஒன் முறைக்கும் நானே போடறேன். சாவி ஒன்கிட்டயே இருக்கட்டும். தெனம் ஒன் கொட்டாய்க்கு வந்து வாங்கிக்கறேன்."

மாதம் ஒன்றாகிறது. "பெட்டி சரியாயிடுச்சாப்பா?" என்று தேவிப்ரியா வாரம் தவறாமல் கேட்கிறாள். "ஆளு வரலம்மா" என்கிறார். விடிந்ததும் முட்டியைத் திட்டிக்கொண்டே கொட்டாய்க்கு நடக்கிறார். அண்ணி காபி கொடுக்கிறாள். அண்ணன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுத் தம்பியின் டப்பாவைத் திறக்கிறார். சிம்மைப் பார்க்கிறார். அதைத் தொடாமல் ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக்கொண்டு, மூடித் திருப்பிக் கொடுக்கிறார்.