கம்ப்ரசர் ஓய்ந்த காலை

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் கெடா மாநிலத்துக் குருண் ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலை. அங்கே காற்றை அழுத்தி டேங்கில் அடைக்கும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்து, படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பயப்பட மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செருப்பின் அடிப்பாகத்தை அழுத்தும் பிரஸ்கள் எல்லாம் காற்றில்தான் ஓடின. காலை பத்து மணி ஆனால் போதும், காற்று மீட்டரின் முள் படுத்துவிடும். பிரஸ்களும் பாதியில் நிற்கும்.

"இந்த வாரமும் நின்னுச்சுன்னா நீ எஸ்டேட்டுக்கே போயி பால்மரம் வெட்டு," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

குழாயில் கசிவு இருப்பது எல்லாருக்கும் தெரியும். சீறுகிற இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டுவோம். தோட்டத்துப் பிள்ளைகளாயிற்றே, வாளிப் பிடியிலிருந்து வேலிக்கம்பு வரை டியூப்பால் கட்டியே வளர்ந்தவர்கள். கட்டினால் சீறல் அடங்கும். எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சத்தம் நின்றது சரி, காற்று நின்றதா?

கெடாவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. கம்ப்ரசரை மட்டும் ஓட்ட அனுமதி கேட்டேன். குழாய் வேலை பார்க்கும் ஃபிட்டர் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார். சோப்பு கரைத்த சவுக்காரத் தண்ணீரைப் பிரஷில் தொட்டு எங்கள் கட்டுகள்மேல் தடவினேன்.

"என்னடா தம்பி, பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி தடவுறே?"

தடவிய இடமெல்லாம் நுரை பொங்கியது. காற்றோடு வரும் கம்ப்ரசர் எண்ணெயில் ஊறி ரப்பர் வீங்கிக் கிடக்க, அதன் அடியில் காற்று சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாத்தையும் அவுத்துறலாம் அண்ணே."

"எல்லாத்தையுமா! அப்ப சாப்பாடு உன் செலவுலா!"

கம்ப்ரசரை நிறுத்திக் காற்றைத் திறந்துவிட்டோம். குழாய் மூட்டுகளைக் கழற்றித் துடைத்தோம். மரையில் வெள்ளை டேப் சுற்றி முறுக்கி, ரப்பர் ஹோஸ்களுக்கு இரும்புக் கிளிப் மாட்டினோம். மறுபடி ஓட்டிச் சவுக்காரத் தண்ணீர் தடவினால், ஒரு குமிழி இல்லை. நம்பாமல் இன்னொரு சுற்றும் தடவினேன்.

மறுநாள் பத்து மணி. பிரஸ்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தபோது கம்ப்ரசரின் இரைச்சல் சட்டென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, கெட்டுப்போச்சு!" என்று ஓடினேன்.

அண்ணன் மீட்டரைக் காட்டினார். முள் உச்சியில் நின்றது.

"டேங்கு நெறஞ்சிருச்சுடா! அதான் தானா ஓய்வு எடுக்குது. நீ வந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் அதுக்கு ஓய்வு!"

பிரஸ் வரிசையிலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தார். "என்ன தம்பி, எஸ்டேட்டுக்குக் கெளம்பலையா?"

"போகமாட்டேன்லா அக்கா!"

நான் போட்ட சத்தத்தில் சூப்பர்வைசரே எட்டிப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார், ஓடுகிற பிரஸ்களைப் பார்த்தார்.

"இனிமே மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நீதான் வந்து இதப் பாக்கணும்," என்றார்.

விடுமுறை போகிறதே என்றுகூடத் தோன்றவில்லை. பல்லெல்லாம் தெரியத் தலையாட்டினேன்.