எஜமானியம்மா ஏழாம் வகுப்பு படிக்கிறாள்

பள்ளிக்கூட பஸ் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து திரும்பிப் போகும்வரை நான் வேலைக்காரி. வாங்குகிற சம்பளமே அதற்குத்தான். கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஜமீன் வீட்டை மியூசியமாக வைத்திருக்கிறார்கள். சும்மா சுற்றிக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று ‘அந்தக் காலத்தில் ஒரு நாள்’ என ஒரு நிகழ்ச்சி. வருகிற பிள்ளைகளில் ஒருத்தி பட்டுப் புடவை சுற்றிக்கொண்டு எஜமானியம்மாவாக ஊஞ்சலில் உட்காருவாள். பித்தளை மணியை அடிப்பாள். நான் ஓடிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு “உத்தரவுங்க எஜமானியம்மா” என்று நிற்க வேண்டும்.

உத்தரவாம்! எங்கள் ஊரில் எவளும் பிறந்ததிலிருந்து அப்படிப் பேசியதில்லை. சென்னையில் யாரோ ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த வசனம் அது.

வேஷத்தில் இருக்கும்போது சொந்தப் பேச்சு கூடாது. செருப்பு கூடாது. நாற்காலி, ஊஞ்சல் எதிலும் உட்காரக் கூடாது. ஆனால் எஜமானியம்மாவாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன சொன்னாலும் செய்ய வேண்டும். ஒரு வாண்டு தோப்புக்கரணம் போடச் சொன்னது, போட்டேன். வடக்குப் பக்கத்து ஜன்னல்களைத் திறக்கவே கூடாது. திறந்தால் இரும்பு மில்லின் தகரக் கொட்டகை தெரியும், பிள்ளைகளுக்கு அந்தக் காலம் கெட்டுப்போகும் என்பார் மேனேஜர். அந்தக் கொட்டகையில்தான் என் வீட்டுக்காரர் வேலை செய்கிறார். அவருடைய ஷிஃப்ட் சங்கு எனக்குக் கேட்கும், காற்று மட்டும் வராது. கழுத்துவரை மூடிய ரவிக்கைக்குள் வெந்துகொண்டு நிற்பேன்.

விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கே போவது? முன்னே கார் பார்ட்ஸ் கம்பெனியில் இருந்தேன். நின்றே செய்கிற வேலை, முட்டி இரண்டும் போயிற்று. நைட் ஷிஃப்ட் வந்தால் மகள் வீட்டில் தனியாகக் கிடப்பாள். இது பகல் வேலை, சாயங்காலம் வீடு. அந்த ஒன்றுக்காகவே என்னால் இதை விட முடியவில்லை.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா மியூசியத்தில் மேடமாக இருக்கிறாள், எல்லாருக்கும் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று ஸ்கூலில் அளந்துவிட்டிருக்கிறாள். எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க நன்றாகத்தானே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

“மா, டூருக்கு உங்க மியூசியத்துக்குத்தான் இட்டுனு போறாங்களாம். அன்னிக்கு நீ லீவு போட்டுடுமா.”

மேனேஜரிடம் போய் லீவு கேட்டேன். என்னோடு இருந்த இன்னொரு பெண் அப்போதுதான் வேறு வேலை கிடைத்துப் போயிருந்தாள். நீங்களும் வரவில்லையென்றால் நான்தான் புடவை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் மகளும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். அவள் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நானும் அவளைப் பார்க்கக் கூடாது. அந்த வேலைக்காரி யாரோ, மேடம் அன்றைக்கு லீவு. பெற்ற பிள்ளையோடு பேசிவைக்கிற பேச்சா இது? ஆனாலும் பேசிவைத்தோம்.

அன்றைக்கு முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். வரிசையில் அவள் கடைசியாக வந்தாள், தலை நிமிரவேயில்லை. பரவாயில்லை, கூட்டத்தில் தப்பித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பாழாய்ப்போன உயரம், என் வீட்டுக்காரர் கொடுத்தது. கூட வந்த டீச்சர், நீதான் உயரமாக இருக்கிறாய், புடவை உனக்குத்தான் நிற்கும் என்று அவள் கையைப் பிடித்து ஊஞ்சலில் உட்கார வைத்துவிட்டார்.

பின்கட்டில் நின்றிருந்தேன். மணிச் சத்தம் வரவில்லை. அடி அடி என்று பிள்ளைகள் கத்தினார்கள். அப்புறம் மெதுவாக ஒரு முறை கேட்டது. ஓடினேன். கையைக் கட்டினேன், உத்தரவு கேட்டேன். தண்ணீர் வேண்டும் என்று சொன்னாள், குரலே எழும்பவில்லை. கொண்டுவந்தேன். குடித்தாள். அடுத்து என்னை விசிறச் சொல்லும்படி டீச்சர் அவளுக்கு எடுத்துக் கொடுத்தார். நின்று விசிறினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். மேனேஜர் எதிரே நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் முடிகிற கூத்து, அன்றைக்கு நீண்டது. முட்டி வலி தாளாமல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றேன். மகள் அதைப் பார்த்தாள். வீட்டில் தினமும் தைலம் தேய்ப்பவள் அவள்தானே. ஊஞ்சலில் ஓர் ஓரமாக நகர்ந்தாள். பக்கத்துப் பலகையைத் தட்டினாள். என்னை நேராகப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

“நின்னது போதும். வந்து இங்க ஒக்காரு.”

எஜமானியம்மா சொன்னால் செய்ய வேண்டும், ஊஞ்சலில் உட்காரக் கூடாது, இரண்டும் எனக்கு மனப்பாடம். இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“ஐயையோ, வேணாங்க எஜமானியம்மா. நான் கீழயே இருக்கேங்க.”

சொல்லிவிட்டு அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். சென்னைக்காரர் எழுதிக் கொடுத்ததில் அந்த வசனம் கிடையாது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் சிரிக்கவில்லை. காலை மேலே இழுத்து மடக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் சட்டியை ஏற்றினேன், சோறு போட்டேன். அவள் தட்டைத் தொடவில்லை.

“இன்னாத்துக்குமா கீழ ஒக்காந்த? நான்தானே கூப்ட்டேன்.”

ஊஞ்சலில் உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்றேன்.

“யாருமே ஒன்னும் சொல்லலயேமா. நீயாத்தான் ஒக்காந்த.”

அவளே தைலப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து முட்டிக்குத் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனால் ஒரே பாராட்டு. வீடியோவைப் பார்த்த, மியூசியத்தை நடத்துகிற டிரஸ்டுக்காரர்கள், நான் கீழே உட்கார்ந்த இடம்தான் மனதைத் தொட்டது என்றார்களாம். இனிமேல் அதை நிகழ்ச்சியிலேயே வைத்துவிடலாம் என்றார்.

வைத்துவிட்டார்கள். இப்போது எந்த ஸ்கூல் வந்தாலும், ஊஞ்சலில் உட்காரும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். நான் விசிறி முடித்ததும் அது பலகையைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறது. வேணாங்க எஜமானியம்மா என்று சொல்லிவிட்டு நான் கீழே உட்காருகிறேன்.